ஆட்டக்காரிகளின் படிக்கட்டில் ஒரு கொலு

மெல்போர்னின் மேற்குப் பக்கத்துப் புறநகர்களிலேயே மிக அழகாகப் படுக்கத் தெரிந்த மனிதர் என் வீட்டுக்காரர். கிண்டல் இல்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன்.

டார்னெய்ட்டில் எங்கள் சங்கம் நவராத்திரிதோறும் லைவ் கொலு நடத்தும். பொம்மைகளுக்குப் பதிலாக மனிதர்கள். பட்டு உடுத்தி, அட்டைக் கிரீடம் வைத்து, முகம் முழுக்கப் பவுடர் அப்பி, படிப்படியாக ஏறி நிற்க வேண்டும். திரை விலகியதும் பொம்மையாகிவிட வேண்டும். மூச்சு விடலாம், கண் சிமிட்டலாம். அதற்கு மேல் அசைந்தால் மானம் போயிற்று. வீடியோ எடுக்க ஊரே போனைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

அதில் பள்ளிகொண்ட பெருமாள் எப்போதும் இவர்தான். வலது கையைத் தலைக்கு முட்டுக் கொடுத்து, ஒருக்களித்து, பாதிக் கண் மூடிப் படுத்தாரென்றால் பார்ப்பவர்களுக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும். ஒரு வருஷம் மேடையிலேயே நிஜமாகத் தூங்கிவிட்டார். "என்ன ஒரு யோக நித்திரை" என்று கூட்டம் உருகியது. காலடியில் லட்சுமியாக உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தெரியும், அது சனிக்கிழமை மத்தியானம் சோபாவில் தூங்கும் அதே தூக்கம் என்று. வீட்டில் ஒரு நாளும் நான் அந்தக் காலைப் பிடித்ததில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஓட்டுகிறவர் பக்கம் ஒரு பிரேக், என் பக்கம் ஒரு பிரேக். அதைப் பல வருஷமாக மிதித்து மிதித்து, சீரியல் பார்க்கும்போதும் என் கால் தானாகத் தரையை மிதிக்கும். வாயும் நிற்காது. அசையாமல், பேசாமல் இருப்பது எனக்கு ஏகாதசி விரதம் மாதிரி. அவருக்கோ அது பிறவிக் குணம். அதனால்தான் போன வருஷக் கடைசியில் அவர் கை ஆட ஆரம்பித்தபோது எனக்குக் கடவுள் மேலேயே கோபம் வந்தது. ஆட்டி வைக்க இந்த வீட்டில் நான் ஒருத்தி இருக்கும்போது, போயும் போயும் அவரையா பிடித்து ஆட்டுவது?

வலது கை. சும்மா மடியில் கிடக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாத்திரையை உருட்டிக்கொண்டே இருக்கும். நடுக்குவாதத்தின் ஆரம்பம் என்றார் டாக்டர். மருந்து கொடுத்தார், உடற்பயிற்சி சொன்னார், மெதுவாகத்தான் போகும் என்று தைரியமும் சொன்னார். வீட்டில் நாங்கள் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "அது" என்போம். "அது எழுந்துருச்சா?" என்று காலையில் கேட்பேன். "எனக்கு முன்னாடியே எழுந்து காப்பியைக் கொட்டிருச்சு" என்பார்.

வீட்டுக்குள் இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவர் கேரம் டவுன்ஸ் கோயிலில் மாட்டிக்கொண்டார். பெருமாள் சந்நிதியில் பட்டர் தீர்த்தம் விட்டார். இவர் வலது உள்ளங்கையைக் குவித்து நீட்டினார். அது ஆடியது. தீர்த்தம் முழுக்க முன்னால் நின்ற ஒரு அம்மாளின் பட்டு ரவிக்கையின் முதுகில் போய்த் தெறித்தது. அவர் திரும்பினார். கையைப் பார்த்தார். "பரவாயில்ல அங்கிள், பரவாயில்ல" என்று ரொம்ப மெதுவாக, குழந்தையிடம் பேசுகிற குரலில் சொன்னார். அவர் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரல் இவரை அடித்துப்போட்டுவிட்டது. இடது கையில் தீர்த்தம் வாங்குகிற வழக்கமும் நமக்குக் கிடையாது. திரும்பி வரும்போது காரில், "இனிமே கோயிலுக்கு நீ மட்டும் போய்ட்டு வா" என்றார்.

கோயிலில் ஆரம்பித்தது கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் என்று எல்லாவற்றுக்கும் பரவியது. கேட்டவர்களுக்கெல்லாம் முதுகுவலி என்று ஒரு பொய். தப்பித் தவறி வெளியே வந்தாலும் கொளுத்துகிற வெயிலில்கூட ஜாக்கெட் போட்டு, வலது கையை அதன் பைக்குள் சொருகி வைத்திருப்பார். நான் கத்தினேன், கெஞ்சினேன், பட்டினி கிடப்பேன் என்று மிரட்டினேன். மிரட்டிய அன்றைக்குத் தோசை சுட்டு எனக்கு எடுத்து வைத்தார். அந்த மனிதரிடம் சண்டை போடுவது தலையணையைக் குத்துவது மாதிரி.

நவராத்திரி வந்தது. சங்கத்தின் செயலாளர் கூப்பிட்டாள். "அண்ணாதானுங்க பெருமாள், வேற பேச்சே இல்லீங்க" என்றாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தவர், நான் போனை வைத்ததும் என்னிடம் சொன்னார்.

"இந்த ஒரு தடவை படுத்துப் பாக்கறேன். ஆடாம இருந்துட்டா சரி. ஆடிருச்சுன்னா, அதுக்கப்புறம் எங்கயும் வா வான்னு என்னைக் கூப்பிடக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்று சொல்லித் தொலைத்தேன். வேறு என்ன சொல்ல?

வழக்கமாகக் கொலு வைக்கும் பள்ளிக்கூட மண்டபத்தில் தரை வேலை நடந்துகொண்டிருந்ததால், செயலாளர் இணையத்தில் தேடி நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய தியேட்டரைப் பிடித்தாள். அவள் கோயம்புத்தூர்க்காரி. ஐ.டி. கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர். பிள்ளையார் பிடித்தாலும் ஸ்லைடு போட்டுத்தான் பிடிப்பாள். தியேட்டரின் படத்தை எனக்கு வாட்சப்பில் அனுப்பி, "அக்கா, சுவரெல்லாம் பொம்மை பொம்மையா செதுக்கி வெச்சிருக்காங்க, அப்படியே நம்ம கோயில் மாதிரியே இருக்குங்க" என்று எழுதியிருந்தாள். நான் பெரிதாக்கிப் பார்த்தேன். இறக்கை வைத்த குழந்தைகள், ஒரு துணி இல்லாமல். சரி, குழந்தைகள்தானே என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஒத்திகைக்குப் போனோம். வாசலில் எங்களை வரவேற்றது அந்தத் தியேட்டரைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர்களில் ஒரு அம்மாள். எழுபது தாண்டியிருக்கும். ஊதா நிறத்தில் முடி, அதற்கு மேட்சாக உதட்டுச்சாயம். சாமி வைக்கப்போகிற இடமாயிற்றே என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் நுழைந்ததும் பளிங்குத் தரையில் செருப்பைக் கழற்றிக் குவித்துவிட்டார்கள். ஊதா அம்மாள் அந்தக் குவியலைப் பார்த்து, தரையில் எங்காவது தண்ணீர் கொட்டியிருக்கிறதா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். சாமிக்கு மரியாதை என்றேன். இந்தக் கட்டடத்துக்கு இவ்வளவு மரியாதை இதுவரை யாரும் கொடுத்ததில்லை என்று சொல்லித் தன் ஷூவையும் கழற்றிவிட்டார்.

பிறகு எங்களை உள்ளே சுற்றிக் காட்டினார். முதலில் பாட்டு, கோமாளிக் கூத்து, நாய் வித்தை, ஆட்டக்காரிகள் என்று கலந்துகட்டிக் காட்டுகிற அரங்காகத்தான் கட்டினார்களாம். பேசும் படம் வந்ததும் சினிமா மாளிகை ஆக்கியிருக்கிறார்கள். கூரை முழுக்க நீல வானம் வரைந்து, நட்சத்திரத்துக்குக் குட்டிக் குட்டி பல்புகள். தகரக் கூரை வீட்டுக்காரர்கள் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு இத்தாலி தேசத்து வானத்தின் கீழே உட்கார்ந்துவிட்டுப் போவார்களாம். படம் தொடங்கும் முன் தரைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய ஆர்கன் வாத்தியம், வாசிக்கிற ஆளோடு சேர்ந்து மேலே எழும்பி வருமாம். டிவி வந்தது, கூட்டம் போனது. கிரேக்கர்களும் இத்தாலியர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் ஊர்ப் படம் போட்டு அழுதார்கள். அப்புறம் கம்பளக் கிடங்கு. இப்போது கல்யாணம், கச்சேரி, வெள்ளிக்கிழமைகளில் மறுபடியும் பர்லெஸ்க். பாட்டும் சிரிப்புமாக ஆடிக்கொண்டே ஒவ்வொரு துணியாகக் கழற்றுகிற அந்தக் காலத்து ஆட்டம்தான். இப்போது வக்கீல்களும் நர்ஸ்களும் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு ஆடுகிறார்களாம். எங்களுக்குக் கொடுத்த ஒப்பனை அறையில் அவர்களுடைய இறகுகளும் ஜிகினாவும்தான் எங்கு பார்த்தாலும். கடைசியில் எங்கள் சரஸ்வதியின் அட்டை அன்னத்துக்கு இளஞ்சிவப்பில் ஒரு இறகு கூடுதலாக முளைத்திருந்தது.

பின்வரிசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை இருந்தது. அதற்கு அழுகை அறை என்று பெயராம். கைக்குழந்தையோடு படம் பார்க்க வரும் தாய்மார்கள் அதற்குள் உட்கார்ந்துகொள்ள வேண்டும். குழந்தை கத்தினால் வெளியே கேட்காது. எங்கள் மதுரையில் தியேட்டர் முழுக்கவே அழுகை அறைதான், குழந்தைகளுக்கு முன்னால் பெரியவர்கள் ஆரம்பித்துவிடுவார்கள் என்று நான் சொன்னதை ஊதா அம்மாள் ரொம்ப ரசித்தார்.

மேடைக்கு வந்தோம். செயலாளர் கும்பிட்டேவிட்டாள். மேடை நடுவே வெள்ளைப் படிக்கட்டு ஒன்று, விளிம்பெல்லாம் தங்க வண்ணம் பூசி, அகல அகலமாக மேலே ஏறிப் போயிற்று. "ரெடிமேடு கொலுப்படிங்க அக்கா" என்றாள். பிறகு எண்ணினாள். இன்னொரு தடவை எண்ணினாள். முகம் செத்துவிட்டது. இரட்டைப்படை. கொலுப்படி ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும் என்பது அவள் புருஷனுக்குக்கூடத் தெரியும். ஒரு படியை மறைத்துவிடலாம் என்றார் ஒருவர். மறைத்தாலும் பெருமாளுக்குத் தெரியாதா என்றார் இன்னொருவர். அரை மணி நேரம் இந்த வழக்கு நடந்தது. கடைசியில் எங்கள் பல் டாக்டர் தீர்ப்புச் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல தொந்தி, வருஷாவருஷம் கீழ்ப்படியில் செட்டியார் பொம்மையாக உட்காருகிறவர்.

"தரையையும் ஒரு படியெண்டு எண்ணுங்கோவன். ஆர் வந்து கேக்கப் போகினம்?"

எல்லோருக்கும் உயிர் வந்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் ஊதா அம்மாள், அந்தப் படிக்கட்டு எதற்குப் பயன்பட்டது என்று சொல்ல ஆரம்பித்தார். நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் வாய் நிற்காதே.

அந்தக் காலத்தில் இந்தப் படிகளில் பெண்கள் சிலை மாதிரி நிற்பார்களாம். உடம்பில் பொட்டுத் துணி இருக்காது. துணியில்லாமல் நிற்கலாம், ஆனால் அசையக் கூடாது, அதுதான் விதி. அசையாமல் நின்றால் கலை, சுண்டுவிரல் அசைந்தாலும் போலீஸ். முன்வரிசையில் தொப்பி வைத்த அதிகாரி ஒருவர் உட்கார்ந்து, யாராவது அசைகிறார்களா என்று கடமை தவறாமல் பார்த்துக்கொண்டிருப்பாராம். விடுமுறை நாளில்கூட வந்து கடமையைச் செய்வாராம். ஒரு தடவை ஒருத்தியின் மூக்கில் ஈ வந்து உட்கார்ந்து, திரை விழும்வரை போகவே இல்லை. அவளும் அசையவில்லை. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியதாம். அவளுக்கா ஈக்கா என்று தெரியவில்லை.

செயலாளர் மஞ்சள் தண்ணீர் கலக்கப் போய்விட்டாள். தெளிக்க வேண்டுமாம், தோஷமாம். ஊதா அம்மாளோ, மஞ்சள் பட்டால் வெள்ளைப் படியில் கறை போகாதே என்று பதறினார். நான் செயலாளரைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏண்டி, நம்ம கோபுரத்துல நிக்கிற பொம்பளைங்களுக்கெல்லாம் நீயா போய்ச் சேலை கட்டிவிட்டே? அவங்களும் அசையாமதான் நிக்கிறாங்க. போய் வேலையைப் பாரு."

கடைசியில் ஒரு பூவால் மஞ்சள் தண்ணீரைத் தொட்டு, ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு விட்டு இரண்டு தரப்பும் சமாதானம் ஆயின.

ஒத்திகை தொடங்கியது. படிக்கட்டின் நடுவில் இருந்த அகலமான இடத்தில் ஆதிசேஷனை விரித்தோம். நீச்சல் குளத்தில் குழந்தைகள் மிதக்கப் பிடித்துக்கொள்ளும் நுரைக் குழாய்களைக் கட்டிச் செய்த பாம்பு அது. இவர் படுத்தார். வலது கையைத் தலைக்குக் கொடுத்தார். பாதிக் கண் மூடினார். நான் காலடியில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் ஆடவில்லை. பெருமாளே, நீ இருக்கிறாய் என்று நினைத்தேன்.

அப்புறம் அந்தச் சத்தம் கேட்டது. கிரீடத்தைச் சுற்றித் தொங்கவிட்டிருந்த மணிகள், கிணுகிணு கிணுகிணு என்று.

மைக் இல்லாத காலத்தில் கட்டிய அரங்கம். மேடையில் ஒரு ஊசி விழுந்தாலும் மாடிக் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிக் கட்டியிருக்கிறோம் என்று ஊதா அம்மாள் காலையில்தான் பீற்றிக்கொண்டிருந்தார். அந்த மணிச் சத்தம் கூரை நட்சத்திரம்வரை போயிற்று. எல்லோரும் வேறு எங்கோ பார்த்தார்கள். ஒருவர் செல்போனை எடுத்தார், ஒருவர் புடவை மடிப்பைச் சரிசெய்தார். அப்படிப் பார்க்காமல் இருப்பது பார்ப்பதைவிட மோசம். இவர் மெல்ல எழுந்தார். "முதுகு" என்று மட்டும் சொன்னார். கிரீடத்தைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு இறங்கி நடந்தார்.

தேடிக்கொண்டு போனேன். அழுகை அறையில் உட்கார்ந்திருந்தார், பீதாம்பரத்தோடு. கை மடியில் கிடந்து மாத்திரை உருட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தேல்ல? பேசினபடி இதோட முடிஞ்சுது. வீட்டுக்குப் போவோம்" என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்குள் ஊதா அம்மாள் தண்ணீர் பாட்டிலோடு வந்துவிட்டார். கையைப் பார்த்தார். மெதுவான குரலெல்லாம் போடவில்லை. எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அடுத்த கதையை எடுத்துவிட்டார்.

படிக்கட்டில் நின்ற பெண்களில் ஒருத்திக்குப் பயத்தில் கை வெடவெடவென்று ஆடுமாம். மற்றபடி பேரழகி. அவளை வைத்துக்கொண்டால் அதிகாரி ஆட்டத்தையே நிறுத்திவிடுவார், நீக்கினால் கூட்டம் நின்றுவிடும். முதலாளி யோசித்து அவள் கையில் தீக்கோழி இறகில் செய்த பெரிய விசிறி ஒன்றைக் கொடுத்தாராம். இறகு என்றால் காற்றுக்கு ஆடத்தானே செய்யும்? அவள் கை ஆட ஆட விசிறி அலை அலையாக ஆடியது. அதிகாரி விதியைப் புரட்டிப் பார்த்தார். பெண் அசையக் கூடாது என்றுதான் இருந்தது, இறகைப் பற்றி ஒன்றும் இல்லை. அவளுடைய படம்தான் அப்புறம் வாசலில் பெரிதாகத் தொங்கியதாம். கதை உண்மையோ புருடாவோ, அந்த அம்மாள் சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். "தீக்கோழி இறகு பின்னால் இருக்கிறது, வேண்டுமா?" என்று முடித்தார்.

பெருமாள் கையில் தீக்கோழி இறகைக் கொடுத்தால் செயலாளர் மயங்கி விழுந்துவிடுவாள். ஆனால் எனக்கு மண்டையில் ஒன்று பளிச்சென்றது. கொலுவில் கையில் ஆடுகிற பொருளோடு உட்கார்ந்திருக்கிற பொம்மை ஒன்று உண்டு. கீழ்ப்படியில், பருப்பு மூட்டைகளுக்கு நடுவில், தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"ஏங்க, நீங்க செட்டியார் ஆகிடுங்க."

"பெருமாளா இருந்தவன் பருப்பு விக்கணுமா?"

"ஆமா. பெருமாள் சும்மாதானே படுத்துக் கிடக்காரு. செட்டியார்தான் உழைக்கிறாரு. தராசுன்னா ஆடத்தான் செய்யும். ஆடாத தராசைப் பாத்தாதான் சனம் சந்தேகப்படும்."

அவர் வாய் ஓரத்தில் சிரிப்பு லேசாக எட்டிப் பார்த்தது. அது போதும் எனக்கு. ஓடிப்போய்ப் பல் டாக்டரைப் பிடித்தேன். முதுகுவலி, உட்கார்ந்தால் தேவலை, வேஷத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்றேன். அவர் பல் பிடுங்க வருகிறவர்களின் நடுங்கும் கைகளைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவர். இவர் கையை எப்போதோ கவனித்திருப்பார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"படுக்கிறதுதானே வேலை? ஓம் தங்கச்சி, நான் வடிவாப் படுப்பன். இவ்வளவு காலமும் நிண்டுகொண்டே பல்லுப் பிடுங்கினனான்."

அவர் மனைவிக்குத்தான் ஏற்பாடு பிடிக்கவில்லை. செட்டியார் மனைவியாக நாற்காலியில் சௌகரியமாக உட்கார வேண்டியவரை லட்சுமி ஆக்கிவிட்டோம். "வீட்டில ஒருநாளும் பிடியாத காலை ஊருக்கு முன்னால பிடிக்கோணுமோ?" என்று அவர் கேட்டார். நானும் அதே கட்சிதான் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். செயலாளர் மட்டும், "ஸ்லைடெல்லாம் மாத்தோணுங்களே" என்று புலம்பிக்கொண்டே மாற்றினாள்.

மத்தியானம் அரங்கம் நிறைந்தது. இவருக்குப் பஞ்சுத் தலையணை கட்டித் தொந்தி வைத்து, முறுக்கு மீசை வரைந்து, நெற்றி நிறையப் பட்டை போட்டு, கையில் பித்தளைத் தராசைக் கொடுத்தேன். கீழ்ப்படியில், கூட்டத்துக்கு மிகப் பக்கத்தில், அவருக்கு அருகில் நான். மேலே வானத்தில் நட்சத்திரங்கள் எரிந்தன. திரை விலகியது. கூட்டம் "ஆ" என்றது.

இவர் தராசைத் தூக்கிப் பிடித்தார். நான் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தேன். தராசு ஆடவில்லை.

கொஞ்சம்கூட ஆடவில்லை. இரண்டு தட்டும் சுவரில் ஆணி அடித்து மாட்டிய மாதிரி நின்றன. வேண்டாம் என்றபோதெல்லாம் ஆடிய கை, ஆடட்டும் என்று அனுமதி கொடுத்த அன்றைக்கு மக்கர் செய்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் என் கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. உதட்டை அசைக்காமல் பல்லுக்கு நடுவிலேயே பேசினேன்.

"ஏங்க. ஆட்டுங்க."

அவரும் உதட்டை அசைக்கவில்லை. "ஆட மாட்டேங்குதுடி."

டாக்டர் இதை முன்பே சொல்லியிருந்தார், நான்தான் மறந்துபோனேன். சும்மா கிடக்கும் கைதான் அதிகம் ஆடுமாம். வேலை கொடுத்தால் பல சமயம் கொஞ்ச நேரமாவது அடங்கியிருக்குமாம். அந்த மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பழைய கை. எங்கள் கல்யாணத்தன்று என் கையைப் பிடித்த அதே கை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பொம்மைக்குக் கண்ணைத் துடைக்கவும் வழியில்லை.

பாட்டு தொடங்கியது. கொலு என்றால் வந்தவர்கள் பாட வேண்டும். ஒரு மாமி மைக்கைப் பிடித்துக்கொண்டு ராகத்தை இழுக்க ஆரம்பித்தார். இழுத்தார், இழுத்துக்கொண்டே போனார். எங்களுக்கெல்லாம் கால் மரத்தது. அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில், படிக்கட்டின் நடுவிலிருந்து வேறொரு நாதம் புறப்பட்டது. பல் டாக்டர் வடிவாகத்தான் படுத்திருந்தார். வாயைத் திறந்துகொண்டு ஒரு குறட்டை விட்டார் பாருங்கள், ஊசி விழுந்தால் கேட்கிற அந்த அரங்கத்தில் மாடிக் கடைசி வரிசை எழுந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு குறட்டைக்கும் ஆதிசேஷனின் நுரைத் தலைகள் ஒன்றாக எழுந்து தாழ்ந்தன. லட்சுமி காலைப் பிடிக்கிற சாக்கில் நறுக்கென்று கிள்ளினார். பெருமாள் "என்னப்பா" என்று முனகிவிட்டு மறுபக்கம் புரண்டார்.

அவ்வளவுதான். சிரிப்பை அடக்கிய பொம்மைகள் குலுங்க ஆரம்பித்தன. சரஸ்வதியின் வீணை ஆடியது. ராமர் வில் ஆடியது. மேல்படியில் காளியின் நாக்கு கழன்று விழுந்தது. மொத்தப் படிக்கட்டும் ஆட்டம் கண்டது. அந்தக் காலத்து அதிகாரி இருந்திருந்தால் தெய்வங்கள் அத்தனை பேரையும் வண்டியில் ஏற்றியிருப்பார். அசையாமல் இருந்தது ஒரே ஒரு பொம்மை. செட்டியார். கூட்டத்தில் யாரோ, "அந்தச் செட்டியாரைப் பாரு, கல்லு மாதிரி உக்காந்திருக்காரு" என்றார்கள். அதைக் கேட்ட பிறகுதான் இவரும் தாங்க முடியாமல் சிரித்தார். தொந்தி குலுங்கியது, தராசு டங் டங் என்று அடித்துக்கொண்டது. பின்வரிசைக்குப் பின்னால் ஊதா அம்மாள் எழுந்து நின்று கைதட்டினார்.

திரை விழுந்த பிறகு முன்கூடத்தில் சுண்டல். நான் துணிமணிகளை எடுத்து வைத்துவிட்டு வருவதற்குள் இவர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அந்த மீசையோடும் தொந்தியோடும். கோயிலில் அன்றைக்குப் பட்டர் முன்னால் நின்றதற்கு அப்புறம் இவர் எதற்கும் வரிசையில் நின்றதே கிடையாது. செட்டியார் வேஷத்தில் ஜாக்கெட் இல்லை, பை இல்லை. முறை வந்ததும் வலது கையை நீட்டினார். தராசைக் கீழே வைத்தாயிற்றே, அது திரும்பி வந்துவிட்டிருந்தது. கை எல்லோருக்கும் தெரிய ஆடியது.

கரண்டியோடு நின்ற செயலாளர் கையைப் பார்த்தாள். முதுகுவலி என்ன வலி என்று அந்த நொடியில்தான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். "அண்ணா, கப்புல போட்டுத் தரட்டுங்களா?" என்றாள்.

"வேணாம்மா, பிரசாதம், கையிலயே போடு. பாதி கீழ விழும். அதனால ஒரு கரண்டி கூடவே போடு."

அவள் போட்டாள். கொண்டைக்கடலை தெறித்தது. பின்னால் நின்ற பல் டாக்டர், பெருமாள் கிரீடம் ஒருபக்கம் சாய்ந்திருக்க, தன் அகலமான உள்ளங்கையை இவர் கைக்குக் கீழே கொண்டுவந்து வைத்தார்.

"விழுகிறது எனக்கு" என்றார்.

நான் அங்கே நிற்கவில்லை. விடுவிடுவென்று அழுகை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதேன். கண்ணாடி அறை என்பது மறந்துபோயிற்று. சத்தம்தான் வெளியே கேட்காது. மிச்சத்தைச் சங்கம் மொத்தமும் சுண்டல் தின்றுகொண்டே பார்த்தது.

காரில் வரும்போது மீசையைக்கூட அழிக்காமல் வந்தார். ஒரு சிக்னலில் நின்றபோது சொன்னார்.

"சனிக்கிழமை கேரம் டவுன்ஸ் போவமா?"

"தீர்த்தம் குடுப்பாங்களே" என்றேன்.

"குடுக்கட்டும். முன்னாடி நிக்கிறவங்க நனைஞ்சா நனையட்டும். அவங்களுக்கும் புண்ணியம்தானே."